கணனியில் லினக்ஸ் ஏற மறுக்கிறதா? எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2018க்குப் பிந்திய புரொசெசரும் இல்லாத மேசைக் கணனிகள் நம்மவர் வீடுகளில் ஏராளம். பார்க்க நல்ல நிலையில் இருக்கும், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் தமிழ் தட்டுவதற்கும் தாராளமாகப் போதும். அவற்றைக் குப்பையில் போட மனம் வராமல், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போன்ற திறந்த மூல மென்பொருளை ஏற்றிப் பார்க்க முனைபவர்கள் கூடிவருகிறார்கள். ஏற்றும்போது இடையில் நின்றுவிட்டது என்று தொலைபேசியில் அழைப்பவர்களும் அதே அளவுக்குக் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். நமது ஆலயக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த அண்ணா ஒருவர் 2013ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணனியில் லினக்ஸ் மின்ட் ஏற்றுவதற்கு மூன்று இரவுகள் முயன்றார். முதல் இரவு கணனி மெமரி ஸ்டிக்கைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாம் இரவு கண்டுகொண்டது, ஆனால் திரை கறுத்துப்போய் நின்றது. மூன்றாம் இரவு எல்லாம் சரிவந்து, எங்கே ஏற்றுவது என்று கேட்கும் பக்கம் வரை வந்துவிட்டார். விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏற்றும் வழி ஒன்று அங்கே இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வழி திரையில் இல்லை. வன்தட்டை முழுதாக அழித்துவிட்டு ஏற்றும் ‘இரேஸ் டிஸ்க்’ என்ற வழிதான் முன்னால் நின்றது. மூன்று நாள் அலுப்பில் அதையே அழுத்தப் போனார். பின்னால் நின்ற மகள் கேட்டாளாம்: “அப்பா, அப்பப்பா எழுதினதெல்லாம் இதுக்குள்ளதானே கிடக்கு?”

அப்பப்பா காலமாகிச் சில ஆண்டுகள். ஊர்க் கோயிலின் வரலாறு, அதைக் கட்டியவர்களின் பரம்பரை, திருவிழா உபயகாரர்களின் பட்டியல் என்று அவர் தம் கடைசிக் காலத்தில் இரண்டு விரலால் தட்டித் தட்டிச் சேர்த்து வைத்தவை அந்த வன்தட்டில்தான் இருந்தன. வேறு பிரதி எங்கும் இல்லை. அண்ணா கணனியை நிறுத்திவிட்டு எனக்கு அழைத்தார். நேரம் இரவு பதினொன்றரை.

முதலில் பழைய வன்தட்டு

ஆகவே பாடத்தின் முதற்பகுதி லினக்ஸ் பற்றியதே அல்ல. ஏற்றத் தொடங்குமுன், கணனியில் உள்ள படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வெளியே ஒரு வன்தட்டிலோ பெரிய மெமரி ஸ்டிக்கிலோ பிரதி செய்யுங்கள். பிரதி செய்தால் போதாது. அந்தப் பிரதியை இன்னொரு கணனியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று எண்ணுவதில்லை. ‘டெஸ்க்டொப்’, ‘டொக்கியூமென்ட்ஸ்’, ‘டவுன்லோட்ஸ்’ மூன்றையும் பார்த்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வயதானவர்கள் கோப்புகளை நேரே ‘சி’ டிரைவில் ஒரு பெட்டி திறந்து போட்டு வைத்திருப்பார்கள்.

மடிக்கணனியில் இல்லாத ஒரு வசதி மேசைக் கணனியில் உண்டு. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கைக்கு எட்டும். அதனால் மேசைக் கணனி வைத்திருக்கும் எவருக்கும் நான் சொல்லும் வழி ஒன்றுதான்: பழைய வன்தட்டைத் தொடாதீர்கள். சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குங்கள். 240 ஜிபி இருந்தால் வீட்டுக்குத் தாராளம். மின்சாரத்தை நிறுத்தி, மின்வயரையும் இழுத்துவிட்டு, கணனியின் வெற்று இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். பின்னர் பழைய வன்தட்டில் செருகியுள்ள தரவு வயரைக் கழற்றிப் புதிய எஸ்.எஸ்.டி.யில் செருகுங்கள். மின் வயரையும் அப்படியே மாற்றுங்கள். இனி எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பழைய வன்தட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஏனெனில் அது கணனியுடன் தொடுப்பிலேயே இல்லை. பின்னர் இரண்டையும் சேர்த்து வைப்பதற்கு இன்னொரு ‘சாட்டா’ வயர் வேண்டும். எஸ்.எஸ்.டி. வரும் பெட்டிக்குள் பெரும்பாலும் அந்த வயர் இராது, தனியாக வாங்குங்கள். இது தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை மாலை கடை பூட்டிய பின் தேடி அலைந்திருக்கிறேன்.

அண்ணாவின் கணனியில் பக்கத்தில் ஏற்றும் வழி ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் பிரிக்கப்பட்ட வன்தட்டில் முதன்மைப் பகுதிகள் நான்குக்கு மேல் இருக்க முடியாது. தயாரித்தவர்களே தொடக்கப் பகுதி, விண்டோஸ், மீட்புப் பகுதி, தங்கள் கருவிகள் என்று நான்கையும் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். ஐந்தாவதுக்கு இடமில்லை. ஆகவே ஏற்றும் நிரலும் அந்த வழியைக் காட்டவில்லை. வழி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் அதற்குக் காரணம் இருக்கும். இருக்கிற வழியை அழுத்துவது அதற்குப் பதிலாகாது.

மெமரி ஸ்டிக்கிலிருந்து தொடங்க மறுக்கும்போது

லினக்ஸ் ஏறுவது நான்கு படிகளில் நடக்கிறது. கோப்பு இறங்க வேண்டும், கணனி மெமரி ஸ்டிக்கிலிருந்து தொடங்க வேண்டும், தட்டில் எழுதப்பட வேண்டும், பின்பு உள்ள வன்பொருள் எல்லாம் வேலை செய்ய வேண்டும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. என்னிடம் “வேலை செய்யேல்லை” என்று மட்டும் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாகத் திரையில் என்ன எழுதியிருந்தது என்பதையே. கைத்தொலைபேசியில் அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் நமஸ்காரம்.

முதற்படியில் வரும் தவறுகள் இரண்டு. லினக்ஸ் மின்ட் ஒரே கோப்பாக, ஏறத்தாழ 3 ஜிபி அளவில் வருகிறது. இடையில் இன்ரர்நெற் துண்டுபட்டால் கோப்பு குறைபட்டிருக்கும், பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே தரவிறக்கும் பக்கத்தில் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கைரேகை கொடுத்திருப்பார்கள். நம் கோப்பிலிருந்து கணித்து எடுக்கும் கைரேகை அதனுடன் ஒத்துப்போனால் கோப்பு முழுமையானது. முதல் எட்டும் கடைசி எட்டும் ஒப்பிட்டால் குறைபட்ட கோப்பு பிடிபட்டுவிடும். இரண்டாவது தவறு, அந்தக் கோப்பை அப்படியே மெமரி ஸ்டிக்கில் இழுத்துப் போடுவது. அப்படிப் போட்டால் அது வெறும் ஒரு கோப்பாகவே கிடக்கும், கணனி அதிலிருந்து தொடங்காது. ரூபஸ் அல்லது எச்சர் என்ற சிறு நிரலைக் கொண்டு எழுத வேண்டும். எழுதும்போது மெமரி ஸ்டிக்கில் முன்பிருந்த யாவும் அழியும். பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதும் நிரலில் தேர்ந்தது மெமரி ஸ்டிக்தானா, வெளி வன்தட்டா என்றும் அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அண்ணாவின் முதல் இரவுப் பிரச்சினை இரண்டாம் படியைச் சேர்ந்தது. கணனி வழமைபோல் விண்டோஸுக்கே போய்விட்டது. மின்சாரம் கொடுத்த உடனே, சின்னம் தோன்றுமுன், குறிப்பிட்ட ஒரு விசையை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ, ஏசர் கணனிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசுஸில் எஃப்8, எம்.எஸ்.ஐ.யில் எஃப்11. பட்டியல் ஒன்று வரும். அதில் ஒரே மெமரி ஸ்டிக் இரண்டு தடவை காட்டப்படலாம், ஒன்றின் முன்னால் ‘யூ.இ.எஃப்.ஐ.’ என்று இருக்கும். புதிய எஸ்.எஸ்.டி.யில் தனியே ஏற்றுவதானால் அதையே தெரிவு செய்யுங்கள். பழைய விண்டோஸுக்குப் பக்கத்தில் ஏற்றுபவர்கள் மட்டும், விண்டோஸ் எந்த முறையில் தொடங்குகிறதோ அதே முறையைத் தெரிவு செய்ய வேண்டும். கலந்தால் பின்னர் ஒன்று மற்றதைக் காணாது.

‘செக்கியூர் பூட்’ மீறல் என்று திரை கத்தினால், கணனியின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குப் போய் அதை நிறுத்திவிட்டு மறுபடி முயலலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் விண்டோஸ் தட்டு ‘பிட்லொக்கர்’ பூட்டில் இருந்தால், இந்த அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். எண் கையில் இல்லாவிட்டால் உள்ளே போக வழியில்லை. அந்த எண்ணைத் தேடிக் காகிதத்தில் எழுதி அலுமாரியில் வைத்த பிறகு அமைப்பைத் தொடுங்கள்.

இரண்டாம் இரவு கறுத்த திரைக்குக் காரணம் படம் காட்டும் அட்டை. என்விடியா அட்டை உள்ள பழைய கணனிகளில் இது சாதாரணம். மெமரி ஸ்டிக் தொடங்கும்போது வரும் பட்டியலில் ‘கொம்பற்றிபிலிற்றி மோட்’ என்று இரண்டாவதாக ஒரு வரி இருக்கும். அதைத் தெரிவு செய்தால் திரை சற்றுக் கரடுமுரடாக வரும், ஆனால் வரும். ஏற்றி முடித்த பின் ‘டிரைவர் மனேஜர்’ என்ற கருவியில் அந்த அட்டைக்கு உரிய நிரலைப் போட்டால் சீராகிவிடும். அண்ணா இரண்டாம் இரவு கணனியே பழுதென்று நினைத்துப் படுத்தார். மூன்றாம் இரவு மகள்தான் அந்த இரண்டாம் வரியை வாசித்துக் காட்டினாளாம்.

மெமரி ஸ்டிக்கிலிருந்து தொடங்கிய லினக்ஸ், தட்டில் எதையும் எழுதாமலே ஓடிக் காட்டும். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். அரை மணித்தியாலம் அதிலேயே இருந்து பாருங்கள். சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, அச்சுப்பொறி தெரிகிறதா, திரை சரியான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே வேலை செய்வது ஏற்றிய பின்னும் வேலை செய்யும். இங்கே மக்கர் பண்ணுவது பின்னரும் மக்கர் பண்ணக்கூடும். திருப்தி இல்லையென்றால் மெமரி ஸ்டிக்கைப் பிடுங்கிவிடுங்கள், கணனி பழையபடி இருக்கும்.

ஏற்றும்போது மொழி கேட்கும். தமிழும் பட்டியலில் உண்டு. தமிழ்ப்பற்று உள்ளவன்தான், என்றாலும் முதல் தடவை ஆங்கிலத்திலேயே ஏற்றுங்கள் என்பேன். பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வந்தால் அதைத் தேடித் தீர்வு காண்பது எளிது. எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு பட்டியல்களைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லும் நாணய மின்கலமும்

புதிய எஸ்.எஸ்.டி.யில் ஏற்றம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. அண்ணா கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போனார். விசைப்பலகை அமெரிக்க முறையில் இருப்பதைக் கண்டு, பவுண் குறி வேண்டும் என்று பிரித்தானிய முறைக்கு மாற்றினார். அடுத்து ஒரு மென்பொருளை ஏற்றப் போனார். கடவுச்சொல் பிழை என்றது. மறுபடி தட்டினார், மறுபடியும் பிழை. அதே கடவுச்சொல்லால்தான் ஐந்து நிமிடத்துக்கு முன் உள்ளே வந்திருந்தார்.

இங்கிலாந்தில் உள்ள நமக்கு இது அடிக்கடி நேர்வது. பிரித்தானிய விசைப்பலகையில் இரட்டை மேற்கோள் குறியும், மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறியும் அமெரிக்க முறையில் இடம் மாறி இருக்கும். அவர் கடவுச்சொல்லில் ‘அட்’ குறி இருந்தது. ஏற்றும்போது அமெரிக்க முறை இருந்ததால், அவர் அழுத்திய விசை மேற்கோள் குறியாகப் பதிந்துவிட்டது. பார்வைக்கு எல்லாம் புள்ளிகள்தானே, தெரியவில்லை. முறையை மாற்றிய பின் அதே விசை வேறு குறியைக் கொடுத்தது. ஆகவே ஏற்றும்போது விசைப்பலகை கேட்கும் பக்கத்தில் பிரித்தானிய முறையைத் தெரிவு செய்து, கீழே உள்ள பெட்டியில் அந்தக் குறிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். தமிழ் விசைப்பலகை செயலில் இருக்கும்போது கடவுச்சொல் தட்டினாலும் இதே கதிதான்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. உலாவியைத் திறந்தால் எந்தப் பக்கமும் பாதுகாப்பற்றது என்று மறுத்தது. திருத்தங்களை இறக்கப் போனால், வந்த பட்டியல் இன்னும் செல்லுபடியாகும் நாளை எட்டவில்லை என்ற பொருள்பட ஒரு செய்தி. அண்ணா வைஃபையைக் குறை சொன்னார். மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். ஆண்டு 2013 என்றிருந்தது. கணனியின் தாய்ப்பலகையில் சி.ஆர்.2032 என்ற நாணயம் போன்ற மின்கலம் ஒன்று உண்டு. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நெடுநாள் பரணில் கிடந்த கணனிகளில் அது செத்திருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் திகதியைப் பார்த்தே செல்லும், செல்லாது என்று சொல்வதால், கடிகாரம் பிழைத்தால் உலகமே பிழையாகத் தெரியும். ஒன்றிரண்டு பவுணுக்கு ஒரு மின்கலம் வாங்கிப் போட்டு நேரத்தைத் திருத்தினோம், திருத்தங்கள் மளமளவென்று இறங்கின.

வைஃபை உண்மையிலேயே பிடிக்காத கணனிகளும் உண்டு. பிரோட்கொம் சில்லு உள்ளவற்றில் அதற்குரிய நிரலைத் தனியே இறக்க வேண்டியிருக்கும். இறக்குவதற்கு இன்ரர்நெற் வேண்டும், இன்ரர்நெற்றுக்கு அந்த நிரல் வேண்டும் என்று சுற்றிச் சுற்றி நிற்கும். கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வயரால் கணனியில் செருகி, தொலைபேசியில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’கைத் திறந்துவிட்டால், கணனிக்குத் தொலைபேசி வழியாக இணைப்புக் கிடைக்கும். பின்பு ‘டிரைவர் மனேஜர்’ மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ‘செக்கியூர் பூட்’ நிறுத்தப்படாத கணனியில் இப்படி நிரல் போட்டால் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த முறை கணனி தொடங்கும்போது நீல நிறப் பக்கம் ஒன்று சில விநாடிகளே நிற்கும். அதில் விசையைப் பதியும் வழியைத் தெரிவு செய்து, வைத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தேநீர் ஊற்றப் போனீர்களானால் பக்கம் போய்விடும், நிரலும் வேலை செய்யாது.

மென்பொருட்களை ஏற்றும்போது வரும் கரைச்சல்களில் மிகச் சாதாரணமானது, வேறு ஒரு செயல் பூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்ற செய்தி. பின்னணியில் திருத்தங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்பதே அதன் பொருள். பத்து நிமிடம் பொறுங்கள். பூட்டுக் கோப்பை அழி என்று ஆலோசனை சொல்வார்கள், கேட்க வேண்டாம். இடையில் மின்சாரம் போய் ஏற்றம் பாதியில் நின்றிருந்தால், ‘சினாப்டிக்’ என்ற கருவியைத் திறந்து ‘எடிற்’ பட்டியலில் முறிந்த பொதிகளைச் சரிசெய்யும் வரியை அழுத்தினால் பெரும்பாலும் ஒழுங்காகும். விண்டோஸில் செய்ததுபோல் கண்ட இடத்தில் மென்பொருளை இறக்கி இரட்டைச் சொடுக்குப் போடும் பழக்கத்தை விடுங்கள். மின்ட்டின் ‘சொப்ட்வெயார் மனேஜரில்’ இருப்பதையே முதலில் தேடுங்கள். எழுதுவதற்கும் கணக்குக்கும் வேண்டிய லிபரே ஒபிஸ் மின்ட்டுடன் கூடவே வருகிறது.

பழைய கோப்புகள், பாமினி எழுத்துகள்

எல்லாம் ஓடத் தொடங்கிய பின், கணனியை நிறுத்திப் பழைய வன்தட்டையும் வாங்கிய வயரால் தொடுத்தோம். தட்டைத் திறந்தபோது விண்டோஸ் உறக்கநிலையில் உள்ளது, வாசிக்க மட்டுமே தருவேன் என்றது. விண்டோஸ் 10 ‘ஷட் டவுன்’ செய்தாலும் முழுதாக நிற்பதில்லை, விரைவாகத் தொடங்குவதற்காக அரைத் தூக்கத்தில் கிடக்கும். ஒருமுறை விண்டோஸுக்குள் போய் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, அது மறுபடி எழும்போது எஃப் விசையால் லினக்ஸைத் தெரிவு செய்தால் அந்தத் தடை போய்விடும். நமக்குப் பிரதி எடுப்பதே வேலை என்பதால் வாசிக்க மட்டும் கிடைத்ததே நல்லதென்று விட்டோம்.

அப்பப்பாவின் கோப்புகள் முப்பதுக்கு மேல் இருந்தன. ஒன்றைத் திறந்தோம். திரை முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கல். அண்ணாவின் முகம் வாடிவிட்டது. “எல்லாம் கெட்டுப்போச்சு” என்றார்.

கெட்டுப்போகவில்லை. அவர் தட்டியது பாமினி எழுத்துருவில். அந்நாளில் நம்மவரில் மிகப் பலரும் அதில்தான் தட்டினோம். பாமினியில் தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் குடிவைக்கப்பட்டிருக்கும். ‘அம்மா’ என்று நாம் திரையில் கண்ட சொல் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்றே இருக்கிறது. பாமினி உள்ள கணனியில் அது அம்மா, இல்லாத கணனியில் கிறுக்கல். தமிழுக்கென்று தனி இடம் ஒதுக்கிய யூனிகோட்டின் முதற் பதிப்பு 1991இலேயே வந்திருந்தாலும், சாதாரண வீட்டுக் கணனிகளில் அது பழக்கத்துக்கு வர ஆண்டுகள் பல சென்றன.

மருந்து எளிது. பழைய வன்தட்டில் ‘விண்டோஸ்’ பெட்டிக்குள் ‘ஃபொன்ட்ஸ்’ என்ற பெட்டி இருக்கும். அதிலிருந்து பாமினிக் கோப்பை எடுத்து, லினக்ஸில் இரட்டைச் சொடுக்குப் போட்டால் எழுத்துருவைக் காட்டி, ஏற்றவா என்று கேட்கும் பொத்தான் வரும். ஏற்றிவிட்டு லிபரே ஒபிஸை மூடித் திறந்தோம். முதற் பக்கத்தில் ஊர்க் கோயிலின் பெயர் தமிழில் வந்து நின்றது. அண்ணா சற்று நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. மகள்தான் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள், இடறி இடறி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாசிப்பதுபோல.

அத்துடன் விட்டுவிட வேண்டாம். பாமினி நம்மோடு எத்தனை நாள் வரும் என்று சொல்ல முடியாது. மூலக் கோப்புகளை அப்படியே ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு, யூனிகோட்டுக்கு மாற்றிய பிரதி ஒன்றைத் தனியே செய்யுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், கருவி அவற்றையும் பாமினி என்று எண்ணித் தமிழ்க் கிறுக்கலாக்கிவிடும். அப்பப்பாவின் கோப்பில் வெளிநாட்டில் உள்ள உபயகாரர்களின் முகவரிகள் எல்லாம் இப்படித்தான் உருமாறின. மூலத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினோம். உரு மாறும்போது ‘ஸ்ரீ’யும் சில கிரந்த எழுத்துகளும் பிழைக்கக்கூடும், அவற்றையும் ஒருமுறை பாருங்கள். மாற்றியவுடன் யாராவது ஒரு பெரியவர் முழுதாக வாசிப்பது நல்லது. பெயர்களைப் பிழை பிடிக்க அவர்களால்தான் முடியும்.

இனிப் புதிதாகத் தமிழ் தட்டுவதற்கு இரண்டு வழிகள். மின்ட்டின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 முறை ஏற்கனவே இருக்கிறது, சேர்த்தால் போதும். ஆங்கில ஒலிப்படி தட்டிப் பழகியவர்களும், இலங்கையின் ரெங்கநாதன் முறை வேண்டியவர்களும் ‘ஐபஸ்’ என்பதையும் அதற்குரிய ‘எம்17என்’ பொதியையும் ‘சொப்ட்வெயார் மனேஜரில்’ இருந்து ஏற்ற வேண்டும். பாமினியில் விரல் பழகியவர்கள் ரெங்கநாதனை முதலில் முயன்று பார்க்கலாம். ஏற்றியவுடன் தமிழ் வரவில்லை என்று எனக்கு அழைக்காதீர்கள். ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்த பிறகே அது பட்டியலில் தோன்றும்.

சிறு குறிப்புகள் சில. வன்தட்டைக் கழற்றி வைத்து லினக்ஸ் ஏற்றியதால், லினக்ஸும் விண்டோஸும் கணனியின் கடிகாரத்தை வெவ்வேறு விதமாக வாசிக்கும். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் வித்தியாசம் தெரியாது. மார்ச் கடைசியில் நேரம் மாறிய பின்பு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது ஒரு மணித்தியாலம் பிசகும். பயப்பட ஒன்றுமில்லை, இன்ரர்நெற் இணைந்ததும் சரிசெய்துகொள்ளலாம். 64 பிட் இல்லாத மிகப் பழைய புரொசெசர் உள்ள கணனிகளில் இன்றைய மின்ட் ஏறாது. 4 ஜிபி நினைவகம் உள்ளவற்றில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள், மற்றவற்றில் சினமன். 2024 ஜூலையில் வந்த 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. தொழிலுக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள் பாவிப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். வீட்டில் உள்ள பெரியவர்களின் கணனியை அவர்களைக் கேட்காமல் மாற்றவும் வேண்டாம்.

ஏற்றுவதில் உதவி வேண்டுவோர் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பின் என்னைக் காணலாம். கணனிப் பெட்டியுடன் மின்வயர், விசைப்பலகை, மௌஸ், 8 ஜிபி மெமரி ஸ்டிக் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். திரை மண்டபத்தில் உண்டு. பிரதி எடுத்த வெளி வன்தட்டையும் கொண்டுவாருங்கள். அது இல்லாமல் வருபவர்களுக்கு அன்று பிரதி எடுக்க மட்டுமே உதவுவேன், ஏற்றுவது அடுத்த கிழமை.